எங்கள் நாட்டுக்குக் காய் எங்கே?

குட்டி நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி!

ஐந்து பேர் தாயம் ஆட உட்காருகிறீர்கள். நான்கு பேருக்குத்தான் காய் இருக்கிறது. ஐந்தாவது ஆளைப் பார்த்து, "நீ ஆட வேண்டாம். நீதான் கட்டம். நாங்கள் உன் மேலே காய் நகர்த்திக்கொள்கிறோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"இதென்ன அநியாயம்!" என்று சண்டைக்கே வந்துவிடுவீர்கள், இல்லையா?

உலக வரைபடத்தை விரித்து வைத்து ஆடும் போர் விளையாட்டுகள் சில உண்டு. அவற்றில் இந்த அநியாயம் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. பெரிய நாடுகளுக்கு மட்டும் காய், பணம், முறை எல்லாம் உண்டு. சின்ன நாடுகள் வெறும் கட்டங்கள்! அந்த நாடுகளுக்கும் ஒரு 'முறை' கொடுத்தால் என்ன ஆகும்? விளையாட்டைக் கண்டுபிடிப்பவர்கள் இதற்காக மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்ட கதையைப் பார்ப்போமா?

காலியாகக் கிடந்த பெல்ஜியம்

அமெரிக்காவைச் சேர்ந்த ஆலன் கால்ஹாமர் என்பவர் 1954ல் 'டிப்ளமஸி' என்ற விளையாட்டை உருவாக்கினார். 1959ல் தன் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் தயாரித்து வெளியிட்டார். இதில் பகடையே கிடையாது. பேச்சுதான் ஆயுதம்! "நீ எனக்கு உதவு, நான் உனக்கு உதவுகிறேன்" என்று ரகசியமாகப் பேசிக்கொள்ளலாம். பிறகு எல்லாரும் தங்கள் படையின் நகர்வைத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திறந்து காட்ட வேண்டும். அப்போதுதான் தெரியும், யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், யார் காலை வாரிவிட்டார் என்று!

ஆட்டம் 1901ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, துருக்கி, ஆஸ்திரியா-ஹங்கேரி என்று ஏழு வல்லரசுகள். ஆளுக்கு ஒன்று. பலகையில் 34 முக்கிய இடங்கள் உண்டு. அதில் 18 இடங்களைப் பிடித்தவர் ஜெயித்தார்.

இந்த 34ல் 22 இடங்கள் ஏழு வல்லரசுகளின் சொந்த வீடு. மீதி 12? பெல்ஜியம், ஹாலந்து, டென்மார்க், நார்வே, சுவீடன், ஸ்பெயின், போர்ச்சுகல், செர்பியா, ருமேனியா, பல்கேரியா, கிரீஸ், துனிசியா. இவற்றில் ஒரு படைகூட இல்லை. யார் முதலில் போய் நிற்கிறாரோ அவருக்குச் சொந்தம். கதவே இல்லாத வீடு மாதிரி!

உண்மையில் என்ன நடந்தது தெரியுமா? 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியம் காலியாகக் கிடக்கவில்லை. எதிர்த்துப் போராடியது. பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் நாட்டின் ஓர் ஓரத்துக்கே வந்துவிட்டது. அப்போது அக்டோபர் மாதக் கடைசியில், நியூபோர்ட் என்ற கடலோர ஊரில் இருந்த மதகுகளைத் திறந்துவிட்டார்கள். கடல் நீர் பொங்கி வந்து வயல்வெளிகளை மூழ்கடித்தது. ஜெர்மன் படை அதற்கு மேல் நகர முடியவில்லை! 1918ல் போர் முடியும் வரை அந்தச் சின்னத் துண்டு நிலம் பெல்ஜியத்தின் கையிலேயே இருந்தது.

விளையாட்டுப் பலகையில் 'காலி இடம்' என்று போட்டிருந்த நாடு செய்த வேலை இது!

சீனாவைக் காணோம்!

அடுத்து, 'ஆக்சிஸ் அண்ட் அலைஸ்'. லாரி ஹாரிஸ் என்பவர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1981ல் முதலில் வந்தது. 1984ல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட பிறகுதான் பிரபலமானது. இரண்டாம் உலகப் போர்தான் இதன் கதை. பெட்டியைத் திறந்தால் குட்டிக் குட்டி டாங்கிகள், விமானங்கள், கப்பல்கள் கொட்டும்.

இதில் ஐந்து நாடுகள்தான் ஆடும். ஒரு பக்கம் ஜெர்மனியும் ஜப்பானும். மறுபக்கம் பிரிட்டன், சோவியத் யூனியன், அமெரிக்கா. சரி, மற்ற நாடுகள்? இத்தாலிக்குத் தனிக் காய் இல்லை. அது ஜெர்மனியின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியா பிரிட்டனின் கணக்கில். 1937லிருந்தே ஜப்பானை எதிர்த்துப் போராடி வந்த சீனா? அது அமெரிக்காவின் கணக்கில்! அவ்வளவு பெரிய நாடு, தன் சொந்த மண்ணில் போரிட்ட நாடு... அதற்கே காய் இல்லை என்றால் பாருங்கள்!

ஆக, 'சின்ன நாடு' என்பது அளவில் சின்னது என்று மட்டும் அர்த்தம் இல்லை. பலகையை வரைந்தவர் கண்ணுக்கு யார் சின்னதாகத் தெரிந்தார்களோ, அவர்களும் அதில் அடக்கம்.

சேர்ப்பது ஏன் கஷ்டம்?

"சின்ன நாட்டுக்கும் நாலு காய் கொடுத்துவிட்டால் போச்சு!" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி அதைத் தாக்கியது. சில மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உண்மையில் நடந்தபடியே விளையாட்டை அமைத்தால், டென்மார்க்காக ஆட வந்த பையன் முதல் முறையிலேயே 'அவுட்'. மற்றவர்கள் நாலு மணி நேரம் ஆடி முடிக்கும் வரை அவன் வடை தின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

'பாவம்' என்று அதற்கு நிறையப் படையைக் கொடுத்தால்? அது டென்மார்க்காகவே இருக்காது. பொய்யாகிவிடும்.

உண்மையும் கெடக் கூடாது. ஆடுபவருக்கு அலுப்பும் தட்டக் கூடாது. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

10 பணத்தில் ஒரு நாடு

ஆக்சிஸ் அண்ட் அலைஸ் விளையாட்டின் பிற்காலப் பதிப்புகளில் இதற்கு வழி தேடினார்கள். 2008ல் வந்த பதிப்பில் இத்தாலியும் சீனாவும் தனி நாடுகள் ஆயின. 2009ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 'அன்சாக்' என்ற பெயரில் களம் இறங்கின. 2010ல் பிரான்ஸும் வந்தது.

அன்சாக்கின் நிலைமையைக் கேளுங்கள். ஆட்டத் தொடக்கத்தில் அமெரிக்காவின் வருமானம் ஒரு முறைக்கு 52 பணம். அன்சாக்குக்கு வெறும் 10! ஒரு காலாட்படை வீரனின் விலை 3. ஒரு போர் விமானம் 10. ஆக, மூன்று வீரர்கள் வாங்கலாம். அல்லது ஒரே ஒரு விமானம் வாங்கலாம். அவ்வளவுதான். போர்க்கப்பலின் விலை 20. அதைக் கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விடலாம்!

ஆனால், இடம் நல்ல இடம். ஜப்பான் தெற்கே வந்தால் அன்சாக்தான் வழிமறிக்க வேண்டும். பக்கத்துத் தீவுகளைச் சமயம் பார்த்துப் பிடித்தால் வருமானமும் ஏறும். கையில் கொஞ்சம் காசு இருக்கும்போதுதான் ஒவ்வொரு காசையும் யோசித்துச் செலவு செய்வோம், இல்லையா? அதே கதைதான்.

சீனாவுக்கு வேறு மாதிரி விதி. அது கப்பல் வாங்க முடியாது, டாங்கி வாங்க முடியாது. தன் நாட்டை விட்டு வெகுதூரம் போகவும் முடியாது. ஆனால், மற்ற நாடுகளுக்குப் புதுப்படை இறக்கத் தொழிற்சாலை வேண்டும். சீனாவுக்கு மட்டும் அது வேண்டாம். தன் கையில் உள்ள எந்தப் பகுதியிலும் வீரர்களை நிறுத்தலாம். மக்கள்தான் அதன் பலம் என்பதை ஒரே விதியில் சொல்லிவிட்டார்கள் பாருங்கள்!

போரில் சேராத நடுநிலை நாடுகளுக்கும் ஒரு விதி உண்டு. துருக்கி, ஸ்பெயின், சுவீடன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் ஒன்றை நீங்கள் தாக்கினால் போதும். மீதி நடுநிலை நாடுகள் எல்லாம் உங்கள் எதிரியின் பக்கம் சாய்ந்துவிடும்! வகுப்பில் ஒரு சின்னப் பையனை அடித்தால், மற்ற சின்னப் பையன்கள் எல்லாம் சேர்ந்துகொள்வார்கள் அல்லவா? அது போல!

ஆடு புலி ஆட்டத்தின் ரகசியம்

சமமாக இல்லாத இரண்டு பக்கங்கள். ஆனாலும் நியாயமான போட்டி. இது முடியுமா?

முடியும் என்று நம் பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும்! ஆடு புலி ஆட்டம் நினைவுக்கு வருகிறதா? புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது. ஆனாலும் ஆட்டுக்காரர் ஜெயிக்கலாம். எப்படி? புலியைக் கொன்று அல்ல, அதை நகர முடியாமல் அடைத்து! புலிக்கு ஒரு வெற்றி. ஆட்டுக்கு வேறொரு வெற்றி. ரகசியம் அவ்வளவுதான்.

2004ல் ரிச்சர்ட் சிவெல் என்பவர் உருவாக்கிய 'ஃபிரீட்ரிஷ்' என்ற ஜெர்மன் விளையாட்டும் இதே வழியில் போகிறது. 1756 முதல் 1763 வரை ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்தது. பிரஷ்யாவின் மன்னர் ஃபிரெடரிக் ஒரு பக்கம். ரஷ்யா, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்ற மூன்று பெரிய சக்திகள் எதிர்ப்பக்கம். பிரஷ்யா இவர்களை எல்லாம் தோற்கடிப்பது நடக்கிற காரியமா? விளையாட்டில் அது தேவையும் இல்லை. விழாமல் தாக்குப்பிடித்தாலே போதும்!

ஆட்டத்தில் 'விதிச் சீட்டுகள்' என்று சில உண்டு. அதில் குறிப்பிட்ட சீட்டு வந்தால் ஓர் எதிரி போரை விட்டே விலகிவிடுவார். இது கற்பனை இல்லை. 1762 ஜனவரியில் ரஷ்ய அரசி எலிசபெத் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர், ஃபிரெடரிக்கின் ரசிகர்! உடனே சமாதானம் செய்துகொண்டார். பிரஷ்யா பிழைத்தது.

பின்லாந்து எந்தப் பக்கம்?

இப்போது நீங்கள்தான் விளையாட்டை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்லாந்தைச் சேர்க்க வேண்டும். கதையைக் கேளுங்கள்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கியது. சோவியத் மக்கள்தொகை சுமார் 17 கோடி. பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 37 லட்சம்தான்! மைனஸ் 40 டிகிரி வரை போன கடுங்குளிர். பின்லாந்து வீரர்கள் வெள்ளை உடை அணிந்து, பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். காட்டுச் சாலையில் நீண்ட வரிசையாக வந்த சோவியத் படையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சூழ்ந்துகொண்டார்கள்.

105 நாட்கள் போர் நடந்தது. 1940 மார்ச் 13 அன்று முடிந்தது. யார் ஜெயித்தார்கள்?

பின்லாந்து தன் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்தது. 25 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஆனால், நாடு பிழைத்தது. சுதந்திரம் போகவில்லை. சோவியத் பக்கம் இறந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு.

கதை இன்னும் முடியவில்லை. இழந்த நிலத்தை மீட்க, 1941ல் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்தது. 1944ல் சோவியத்தோடு சமாதானம் செய்துகொண்டு, தன் மண்ணில் இருந்த ஜெர்மன் படையையே எதிர்த்துப் போரிட்டது!

இப்போது சொல்லுங்கள். பலகையில் பின்லாந்துக்கு எந்த நிறம் கொடுப்பீர்கள்? ஆக்சிஸ் அண்ட் அலைஸில் 'ஜெர்மனி பக்கம் சாய்ந்த நடுநிலை நாடு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால், ஒரு பின்லாந்துக்காரரைக் கேட்டால், "நாங்கள் எங்கள் பக்கம்தான் இருந்தோம்" என்று சொல்லக்கூடும். ஒரு நாட்டுக்குத் தனிக் காய் கொடுப்பதன் அர்த்தமே இதுதான். அது தானே யோசித்து முடிவெடுக்கும். சில சமயம் அது தப்பான முடிவாகவும் இருக்கலாம். ஆனால், முடிவு அதனுடையது.

பிடிபட்ட பிறகும்...

விளையாட்டில் ஒரு நாட்டைப் பிடித்தால், அதன் மேல் ஜெயித்தவரின் வில்லையை வைத்துவிடுவார்கள். கதை முடிந்தது. உண்மையில்?

போலந்து 1939ல் வீழ்ந்தது. ஆனால், 1940ல் பிரிட்டனைக் காக்க வானில் நடந்த பெரும் சண்டையில் 145 போலந்து விமானிகள் பறந்தார்கள். எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு இயந்திரத்தின் சூட்சுமத்தை 1932லேயே முதலில் உடைத்தவர்களும் போலந்துக் கணித மேதைகள்தான். போருக்குச் சற்று முன், 1939 ஜூலையில், அந்த ரகசியத்தைப் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கொடுத்தார்கள்.

சில மணி நேரத்தில் பணிந்த டென்மார்க்கை 'அவுட்' என்று சொன்னோம் அல்லவா? 1943 அக்டோபரில் அங்கிருந்த யூத மக்களைச் சிறைபிடிக்க ஜெர்மானியர் வந்தபோது, டென்மார்க் மக்கள் அவர்களை ஒளித்து வைத்தார்கள். மீன்பிடிப் படகுகளில் ஏற்றிச் சுவீடனுக்கு அனுப்பினார்கள். இப்படித் தப்பியவர்கள் 7,000 பேருக்கும் மேல்! எந்தப் பலகையில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

நம் இந்தியாவையும் சொல்ல வேண்டும். அந்தப் பலகைகளில் இந்தியா பிரிட்டனின் நிறத்தில்தான் இருக்கும். 1939 செப்டம்பர் 3 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ நம் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், 'இந்தியாவும் போரில் இருக்கிறது' என்று அறிவித்தார். அதை எதிர்த்து மாகாணங்களில் ஆட்சியில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவையும் அக்டோபரில் விலகியது. ஆனாலும் போர் முடியும்போது இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர்! ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் போரிட்டார்கள். காய் நம்முடையது, நகர்த்திய கை வேறொருவருடையது. காய் இல்லாத நாட்டின் வருத்தம் நமக்கும் தெரிந்ததுதான்.

நீங்களே செய்யுங்கள்: பனிக்காட்டுப் போர்

சின்ன நாடாக ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? இரண்டு பேர் போதும்.

தேவையானவை: ஒரு தாள், பென்சில், 10 புளியங்கொட்டை, 4 கூழாங்கல், ஒரு லூடோ பகடை.

1. தாளில் ஐந்துக்கு ஐந்து என்று 25 கட்டங்கள் வரையுங்கள். கடைசி வரிசையின் நடுக் கட்டத்தில் நட்சத்திரம் போடுங்கள். அதுதான் சின்ன நாட்டின் தலைநகரம்.

2. கடைசி மூன்று வரிசைகளில் எங்காவது நான்கு கட்டங்களில் மரம் வரையுங்கள். அவை காடு. தலைநகரத்தில் மரம் கூடாது.

3. பெரிய நாட்டின் 10 கொட்டைகளை முதல் இரண்டு வரிசைகளில், கட்டத்துக்கு ஒன்றாக வையுங்கள். சின்ன நாடு தன் 4 கற்களைக் கடைசி மூன்று வரிசைகளில் விருப்பம்போல் வைக்கலாம்.

4. பெரிய நாடுதான் முதலில் ஆடும். தன் முறையில் இரண்டு காய்களை ஒவ்வொரு கட்டம் நகர்த்தலாம். சின்ன நாடு ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்தலாம். முன், பின், பக்கவாட்டில் போகலாம். குறுக்கே போகக் கூடாது. ஒரு கட்டத்தில் ஒரு காய்தான்.

5. எதிரி இருக்கும் கட்டத்துக்குள் போனால் சண்டை! இருவரும் பகடை உருட்டுங்கள். அதிக எண் போட்டவர் ஜெயித்தார். தோற்ற காய் வெளியே. சமமாக விழுந்தால், அங்கே முதலிலிருந்து நின்றவருக்கே வெற்றி. காட்டில் நிற்கும் கல்லைத் தாக்கினால், கல்லுக்கு ஓர் எண் கூடுதல்.

6. பெரிய நாடு 10 முறை ஆடுவதற்குள் தலைநகரத்தில் ஒரு கொட்டை நுழைந்துவிட்டால் பெரிய நாட்டுக்கு வெற்றி. நுழையாவிட்டால் சின்ன நாட்டுக்கு வெற்றி. ஒரே ஒரு கல் மிச்சம் இருந்தாலும் சரி!

ஆடி முடித்ததும் பக்கம் மாறி இன்னொரு முறை ஆடுங்கள். சின்ன நாடே எப்போதும் ஜெயிக்கிறதா? 10 முறையை 12 ஆக்குங்கள். பெரிய நாடே ஜெயிக்கிறதா? இன்னொரு மரம் நடுங்கள். விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களும் இப்படித்தான் ஆடி ஆடித் திருத்தினார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* 'டிப்ளமஸி'யைக் கண்டுபிடித்த ஆலன் கால்ஹாமர் பல ஆண்டுகள் தபால்காரராக வேலை பார்த்தவர்!

* அந்த விளையாட்டில் சுவிட்சர்லாந்துக்குள் யாருமே நுழைய முடியாது. சுற்றித்தான் போக வேண்டும்.

* 1957ல் வந்த 'ரிஸ்க்' என்ற புகழ்பெற்ற உலக வரைபட விளையாட்டை உருவாக்கியவர் ஆல்பெர் லாமொரிஸ். 'தி ரெட் பலூன்' என்ற குழந்தைகள் படத்தை எடுத்த பிரெஞ்சு இயக்குநர் இவர்தான்!

அடுத்த முறை வரைபடத்தில் ஒரு குட்டி நாட்டைப் பார்த்தால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: 'இந்த நாட்டுக்காரராக நான் இருந்தால், என் முறை வரும்போது என்ன செய்வேன்?'

பதில் கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. அதுதானே நல்ல விளையாட்டு!